பதினேழாம் சதுரம்

முதுகில் இருபத்தெட்டுச் சதுரங்கள் ஒட்டி
பேனாவால் எண் போட்டு அனுப்பினார்கள்.
"ரெண்டு நாள் குளிக்கண்டா, வியர்க்கண்டா"
என்றார் மலையாளத்து டாக்டரம்மா.
குளிக்காமல் இருந்துவிடலாம்.
அக்கினி நட்சத்திரத்தில், வேலூரில்,
வியர்க்காமல் இருக்க
யாரிடம் எழுதி வாங்குவது?

கொழுந்தன் கல்யாணத்துக்கென்று
லாங் பஜாரில் வாங்கியது.
நூற்றெண்பது ரூபாய், மாதுளை நிறம்.
தாலி கட்டும்போது உதடு அரித்தது
பந்திக்குள் வீங்கிவிட்டது.
ஆல்பம் முழுக்க
முந்தானையால் வாய் பொத்தி நிற்கிறேன்.
கண்ணேறு என்று நாத்தனார் சுற்றிப்போட்ட மிளகாய்
நெடியே அடிக்கவில்லையாம்.

பிரித்துப் பார்த்தபோது
பதினேழு மட்டும் சிவந்து
பொடிப்பொடியாய்த் தடித்திருந்தது.
புரொப்பைல் காலேட்.
பெயரில் பாதி எனக்குத் தெரிந்ததுதான்.
ராணிப்பேட்டையில் தோல் பரிசோதனைக் கூடத்தில்
ஒன்பது வருஷமாய்க் குடுவை பிடிக்கிறவள் நான்.
கடுக்காய்த் துவர்ப்புக்கு இது
தூரத்துச் சொந்தம்.
ஆட்டுத்தோலை அழுகவிடாது அது;
சாயத்தின் எண்ணெயைச் சிக்குவாடை பிடிக்கவிடாது இது.
செத்த தோல்
எதற்கும் தடிப்பதில்லை.

"அப்போ விஷமா டாக்டர்?"
"ஏய், அல்ல. லட்சம் பேருக்கு ஒண்ணும் ஆகாது.
இது இல்லாட்டி எண்ணெய் கெட்டுப்போகும்,
அதுவும் தோலுக்கு ஆகாது.
உங்களுக்குப் பிடிக்கலை. அத்ரேயுள்ளு."

'வரம்புக்குள் உள்ளது' என்று
தினம் நாற்பது தாளில் எழுதிக்
கையெழுத்துப் போடுகிறேன்.
பொய்யில்லை, ஒன்றுகூட.
ஆனாலும் அந்த வரம்புக்கு இந்தப் பக்கம்
ஒரு முதுகு இருக்குமென்று
எழுதும்போது தோன்றியதில்லை.

இப்போது கடையில்
செல்போன் டார்ச் அடித்து
எறும்பு முட்டை எழுத்தைப் படிக்கிறேன்.
"எக்ஸ்பைரி அடியில இருக்குக்கா" என்கிறான் பையன்.
தேதி இல்லை தம்பி,
பதினேழைத் தேடுகிறேன்.

மாதுளைச் சாயத்தை எறிய மனசில்லை.
சாஜிதா கேட்டாள், நுனியைச் சீவிக் கொடுத்தேன்.
மூன்று மாதமாய்ப் பூசுகிறாள்
ஒரு பொட்டு அரிப்பில்லை,
சிரித்தால் அத்தனை அழகாயிருக்கிறாள், பாவி.
பதினொரு மணி டீக்கு
எல்லா டம்ளரும் ஒரே தட்டில் வரும்.
விளிம்பில் சிவப்புப் படிந்தது எதுவென்று
பார்த்துத்தான்
என்னுடையதை எடுக்கிறேன்.