இருபத்து மூன்று புள்ளி நான்கு

போன விஸ்தாவில் இறங்கி
அட்டை தேய்க்கும் கதவுகள் மூன்று,
ஒரு காற்றுக் குளியல்,
காலணிக்கு மேல் நீல உறை.
ஆறாவது மாடியில்
பகலும் இரவும் சுவரிலுள்ள ஒரு விசை.

முதலில் எடை.
தராசின் மேல் பிளாஸ்டிக் கிண்ணம்,
அதற்குள் ஓயாத நகக்கீறல்.
எண் துள்ளி அடங்கும்வரை காத்திருக்கிறேன்.
23.4.
இருபத்து மூன்று என்று எழுதினால்
யாரும் கேட்கப்போவதில்லை.
எழுத மாட்டேன்.
பத்து கிராமுக்குப் புள்ளி ஒன்று மில்லி.
கூடினால் மூச்சு மறந்துபோகும்,
குறைந்தால் கத்தி நினைவிருக்கும்.

கெட்டமின் குப்பிக்கு இரட்டைப் பூட்டு.
ஒரு சாவி என்னிடம், மற்றது ஹஃபீசாவிடம்.
சிந்திய சொட்டுக்கும் கையெழுத்து உண்டு.

கழுத்துத் தோலைப் பிடித்துத்
தலையைச் சற்றே தாழ்த்துவேன்.
குடல் நெஞ்சுப் பக்கம் சரிந்து
ஊசிக்கு இடம் விடும்.
வலது அடிவயிறு.
தண்டைப் பின்னுக்கு இழுத்து,
இரத்தம் இல்லை, மஞ்சள் இல்லை,
அப்புறம்தான் அழுத்துவேன்.

மூன்று நிமிடம்.
இந்த வால் தன்னுடையதா என்று ஒரு சந்தேகம்,
ஒரு தள்ளாட்டம்.
பிறகு விழுந்துவிடும்
கண்ணை மூடாமலே.
இந்த மருந்துக்கு இமைகளைத் தெரியாது.
காய்ந்துவிடாதிருக்க
ஒவ்வொரு கண்ணிலும் கடுகளவு களிம்பு.
பின்னங்கால் விரலைக் கிள்ளுகிறேன்.
இழுத்துக்கொள்ளவில்லை.
"ஆச்சு" என்கிறேன்.
ஜியா வென்னுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல்.
கத்தியை எடுக்கிறான்.

போன மாதம் எனக்குப் பித்தப்பையில் கற்கள்.
பெரிய எலிக்குப் பித்தப்பையே கிடையாது,
சுண்டெலிக்கு உண்டு.
பதினோரு வருடம் பக்கத்தில் இருந்தும்
இப்படி ஓர் உறவென்று தோன்றியதில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடு கூடாதென்றார்கள்.
இவற்றுக்கு அந்த விரதமும் இல்லை,
வாந்தி எடுக்கத் தெரியாத குலம்.

சக்கரக் கட்டிலில் நான்,
மணிக்கட்டில் பார்கோடு.
பெயர், பிறந்த தேதி, எந்தப் பக்கம் அறுவை,
ஒவ்வொன்றாகச் சரிபார்த்த டாக்டர் சீட்டோ
கடைசியாகக் கேட்டார்: எடை?
அறுபத்தெட்டு என்றேன்.
கூரை விளக்குகள் நகரத் தொடங்கின.
நாலாவது விளக்கில்
முழங்கையை ஊன்றி எழுந்தேன்:
"எழுபத்தொன்று, டாக்டர்.
எழுபத்தொன்று புள்ளி இரண்டு."
முகக்கவசத்துக்குள் சிரித்தார்.
"தெரியும். போன வாரமே நிறுத்துவிட்டோம்."

நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள்.
தொண்ணூற்றேழு வரை நான் இருந்தேன்.

விழித்தபோது குளிர்.
இமையோரம் பசைநாடாவின் பிசுக்கு.
யாரோ என் கண்களை மூடி
ஒட்டிவைத்திருக்கிறார்கள்.
யாரென்று கேட்கவில்லை.
போர்வைக்குள் கால்விரலை மட்டும்
நானே ஒருமுறை கிள்ளுவதுபோல் மடக்கிப் பார்த்தேன்.

இன்று நாற்பத்தேழாம் எண்.
தையல் முடிந்து
வெப்பத்தட்டில் மல்லாந்து கிடக்கிறது.
ஜியா வென் கோப்பிக்குப் போய்விட்டான்,
ஹஃபீசா தொழுகைக்கு.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறது விதி.
நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை இதற்கு இன்னோர் ஊசி.
அதிலிருந்து விழிப்பதில்லை.
அதற்கும் எடை பார்ப்பேன்.

மீசை முதலில்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
ஒன்று நாற்பதுக்கு
முன்னங்கால் காற்றைப் பிடிக்கிறது,
நழுவவிடுகிறது,
பிடிக்கிறது,
புரண்டுவிட்டது.

ஈரத்தீனியைக் கிட்டே தள்ளிவைக்கிறேன்.
களிம்பு மினுங்கும் கண்ணால்
என்னைப் பார்க்கிறது,
அல்லது எனக்குப் பின்னாலிருக்கும் விளக்கை.