ஒரு நபர், மூன்று இரவு

நான்கு டிகிரியில் எட்டு மணி நேரம்.
தளி ரோட்டில் எங்கள் குளிர்க்கிடங்குக்கு
டிசம்பரும் ஒன்றுதான் மே மாதமும் ஒன்றுதான்.
ஆனால் மே மாதத்தில் கதவைத் திறந்தால்
வெளியே மே மாதம் இருக்கும்.
இப்போது திறந்தால்
உள்ளே இருந்ததே வெளியேயும் நிற்கிறது,
தைல மரங்கள் பாதிக்கு மேல் காணாமல்.

இருபது தண்டுக்கு ஒரு கட்டு.
அட்டை சுற்றி, ரப்பர் மாட்டி,
மொட்டு விரியாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.
விரிந்துவிட்டால் ஏற்றுமதி இல்லை.
இந்தத் தடவை விமானமே பறக்குமா என்பது
சூப்பர்வைசர் நஞ்சுண்டனுக்கே தெரியாது.
"ஆர்டர் வந்தா கூப்பிடறேன்,
லீவு இருந்தா எடுத்துக்கோம்மா."
இருந்தது, ஒன்பது நாள்.
இரண்டு வருஷமாக அதையும்
மொட்டாகவே வைத்திருந்தேன்.

எனக்கு வெயில் வேண்டும்.
கோயில் வேண்டாம், அருவி வேண்டாம்.
முதுகில் விழுந்து எலும்புவரை இறங்குகிற
தெற்கத்தி வெயில், அதுவும் தை பிறப்பதற்குள்.

செல்போனில் மாவட்டம் மாவட்டமாகத் தேடினேன்.
ஓரிடத்தில் கடற்கரைக்குத் தடை,
ஓரிடத்தில் வெள்ளி முதல் கதவடைப்பு.
காலையில் திறந்திருக்கும் ஊர்
ராத்திரிச் செய்திக்குள் மூடிவிடுகிறது.

அத்திப்பள்ளிக்குத் தொப்பி வாங்கப் போகையில்
ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் ஒரு பையன்
துப்பாக்கி மாதிரி நெற்றிக்கு நேரே நீட்டினான்.
கருவியை இரண்டு தட்டுத் தட்டினான்.
"அக்கா, உங்களுக்கு டெம்பரேச்சரே காட்டல."
குளிர்க்கிடங்கிலிருந்து நேராக வருகிறேன் என்றேன்.
சிரித்தான், மாஸ்க்குக்கு மேலே.

மணப்பாட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ்.
போனை எடுத்தவர் பெயர் கிளாட்வின்.
"எத்தன பேரு வாரீய?"
ஒருத்தி.
"ஃபேமிலி?"
நான்தான்.
"நேர்ச்சை எதுவும் இருக்கோ?"
வெயில் காய வரேன்.
கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது,
மிக்சியாகவும் இருக்கலாம்.
"ஒத்தையிலயா?"

இரண்டு வருஷமாக
யாருக்குப் போன் போட்டாலும்
தனித்திரு என்று ஒரு குரல் முந்திக்கொண்டது.
விலகி நில் என்று தரையில் வட்டம் போட்டார்கள்.
நின்றேன். ரேஷன் கடை வட்டத்தில்,
ஊசி போடும் பள்ளிக்கூட வட்டத்தில்.
தகரம் அடித்த கதவுக்குப் பின்னால்
ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு வாளி என்று
பதினாலு நாள் கிடந்தேன்.
அப்போது யாரும் கேட்கவில்லை
ஒத்தையிலயா என்று.

"ஒண்ணு சொல்லிருதேன்," என்றார் கிளாட்வின்.
"ரெண்டு ஊசி போட்ட சீட்டு வேணும்.
ஞாயிறு முழு ஊரடங்கு,
வாசலத் தாண்ட விடமாட்டாவ.
நீங்க வரலன்னாலும் ரூவா திரும்ப வராது."

ஞாயிறுக்கே ஊரடங்கா.
சீட்டும் இல்லாமல் மாஸ்க்கும் இல்லாமல்
கிழக்கே கிளம்பி மேற்கே போகிறவனை
எந்த செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள்?
"மொட்டை மாடி இருக்கா?"
"இருக்கு. கருவாடு காயும்."
"ஓரமா ஒரு பாய் அகலம் விட்டா போதும்."

ஆயிரத்து எண்ணூறு ரூபாய் அனுப்பினேன்.
பக்கத்து மேஜை சௌபாக்யா
ரப்பர் மாட்டிக்கொண்டே கேட்டாள்:
பஸ் ஓடலன்னா?
பாதி வழியில மூக்குல குச்சி விட்டு
இருக்குன்னு சொல்லிட்டா?
திரும்பி வர விடலன்னா?
தெரியாது என்றேன் மூன்றுக்கும்.
தொப்பியின் விலைச்சீட்டைக்கூட
நான் இன்னும் கிழிக்கவில்லை.

வெள்ளி விடிகாலை பஸ்.
அதற்குள் எதுவும் மாறலாம்.
ஆனால் கிருஷ்ணகிரி தாண்டி, தர்மபுரி தாண்டி,
தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும்போது
காது அடைத்துத் திறக்கும் ஓரிடம் உண்டு.
அங்கேதான் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும்.
திருப்பி அனுப்புவதாக இருந்தால்
அதற்கு அந்தப் பக்கம் எங்காவது வைத்துத்
திருப்பட்டும்.