புழுக்கைக் கணக்கு

மருந்து தொடங்கி மூன்றாம் நாள்.
நாப்பி உலர்புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வெளியே யோயென்சூவின் ஜனவரி, மைனஸ் இருபத்தாறு.
முதல் பேருந்தை நான் எடுக்க
இன்னும் மூன்று மணி நேரம்.
சமையலறைத் தரையில் துண்டு விரித்து
உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில்
ஒன்றே முக்கால் கிலோ மௌனம்.

தாடையில் சீழ். கடைவாய்ப் பல்லின் வேலை.
டாக்டர் ருஸ்கா சொன்னார்:
இந்த மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது,
திருடனோடு குடியிருப்பவனையும் சேர்த்து அடிக்கும்.
குடல் நிற்க விடாதீர்கள்.
வயிறு பறை மாதிரி விறைத்திருந்தால் ஊட்டாதீர்கள்,
எனக்குப் போன் செய்யுங்கள்.
முயலுக்கு வாந்தி எடுக்கத் தெரியாது, இல்மோ,
உள்ளே போனது முன்னோக்கித்தான் போக வேண்டும்.

இடம் மாற்றினால் பயத்திலேயே குடல் நின்றுவிடுமாம்.
அதனால் இந்த முறை ஞாயிற்றுக்கிழமை
விலியா மட்டும் ஆற்றுக்கு அக்கரை போனாள்,
முயல் போகவில்லை.
ஹென்ரீக்கா திருப்பித் தந்திருந்த சாவியை
உறையில் போட்டு அவளுக்கே மறுபடி அனுப்பினேன்.
நான் வண்டி ஓட்டும் நேரம் அவள் இங்கே.
நான் வருமுன் போய்விடுவாள்.
குளியலறையில் ஈரத் துண்டு,
மேசையில் விலியாவின் நீல நோட்டு.

*காலை 7: மருந்து 0.4. துப்பிவிட்டது, பாதி.*
*9.15: சதகுப்பை, தண்டு மட்டும்.*
*11: புழுக்கை பதினாலு. சின்னவை.*
*மாலை 4: புழுக்கை ஆறு. இரண்டு மயிரால் கோர்த்தவை.*
பக்கத்தில் விலியா பென்சிலால்
அந்த ஆறையும் அசல் அளவில் வரைந்திருந்தாள்.

தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
ஆறு வருடம் சாதித்த இருவர் நாங்கள்.
வழக்கறிஞர் வழியாகக்கூடப்
பேசி முடியாதவர்கள்
இப்போது நாள் தவறாமல் எழுதிக்கொள்கிறோம்,
சாணத்தைப் பற்றி.

இரவு எட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை.
வயிற்றில் காது வைத்தேன்.
நேற்றுவரை தூரத்தில் யாரோ
சாமான் நகர்த்துகிற மாதிரி இருந்தது,
இன்று காலி வீடு.
தொட்டால் மிருதுதான், விறைப்பில்லை.
புல்மாவை வெந்நீரில் குழைத்து
ஊசியில்லாச் சிரிஞ்சில், கடைவாயின் ஓரமாக,
ஒரு மில்லி,
மெல்லும்வரை பொறுத்து
இன்னொரு மில்லி.
முக்கால்வாசி என் சட்டை சாப்பிட்டது.

இரண்டு ஐம்பதுக்குப் போன் செய்தேன்.
இரண்டு வருடத்தில் முதல் தடவை.
ஒரே மணியில் எடுத்தாள்.
"எத்தனை?" என்றாள்.
பூஜ்யம் என்றேன்.
"வலி மருந்து?"
பத்துக்கே கொடுத்தாயிற்று.
"வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி விலாவோரம் வை.
பிறகு கீழே விடு, நடக்கட்டும்.
பார்க்காதே அதை. பார்த்தால் சாப்பிடாது."

அதனால் பார்க்கவில்லை.
போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன்.
ஜன்னலில் பனிச் சீவலின் ஆரஞ்சு விளக்கு
வந்து போனது.
அவள் பக்கம் ஒரு கெட்டில்
கொதித்து அணைந்தது.
ருஸ்காவைக் கூப்பிடலாமா என்று
நான் கேட்க வாய் திறந்தபோது

கரக்.

நிறுத்தம்.

கரக், கரக்.

"உலர்புல்லா?" அவள் குரல் கிசுகிசுத்தது.
மெல்லத் திரும்பினேன்.
நாற்காலியிலிருந்து நழுவிக் கிடந்த நீல நோட்டு,
செவ்வாய்க்கிழமையின் மூலை
அதன் வாயில்.
"நோட்டு" என்றேன். "உன் கையெழுத்து."
அவள் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது
என்பதே எனக்கு நினைவில்லை.

பிடுங்கிவிட்டு, வாயருகே ஒரு புல் காம்பை நீட்டினேன்.
முகர்ந்தது. யோசித்தது.
வேலைக்கு நேரமான எழுத்தரைப் போல
உள்ளே இழுக்கத் தொடங்கியது.

மூன்று நாற்பதுக்குத் துண்டின் மீது
மிளகளவு ஒன்று. காய்ந்தது, கோணலானது.
போனில் சொன்னேன்.
"எழுதினாயா?"
மூலையில்லாத பக்கத்தில் எழுதினேன்:
*3.40: ஒன்று.*

"ஐந்துக்கு வந்துவிடுவேன்" என்றாள்.
நாலேமுக்காலுக்கு நான் கிளம்பியாக வேண்டும்.
தெரியும் என்றாள்.
இருவரும் போனை வைக்கவில்லை.

பதினாலு நாள் மருந்து.
இன்னும் பதினொன்று இருக்கிறது.