பச்சை மிளகாய் நூறு கிராம்

பச்சை மிளகாய் வாங்கத்தான் அனுப்புவேன்.
சந்தைக்குப் போக எட்டு நிமிடம், வர எட்டு.
இவர் போனால் இரண்டு மணித்தியாலம்.

"சேர், எப்படி?" என்று ஓட்டோக்காரன் நடுரோட்டில் பிரேக் பிடிப்பான்.
மருந்துக்கடைப் பெட்டை கவுண்டருக்கு மேலால் தலையை நீட்டுவாள்,
தம்பி விங்கில் ஓடுகிறானாம்.
போன சித்திரையில் இரண்டு பெடியன்கள் தேசிய அணிக்குப் போன பிறகு
ஆரையம்பதிச் சந்தியில் பதினாறடிப் பதாகை.
அதில் பேரின்பம் சேர் சிரிக்கிறார்.
வீட்டில் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.
கலியாணமென்றால் முதல் பந்தி,
தேர்தலென்றால் இரண்டு கட்சியும் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்.
அழகுதுரை ஓரா மீனுக்குக் காசே வாங்கமாட்டான்.
"சேரிட்ட வாங்கினா என்ட கை அழுகிப்போகும்" என்பான்.

எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

தொண்ணூற்றைந்து, தை மாதம். பேச்சுவார்த்தைக் காலம்.
சோதனைச்சாவடிகள் கொஞ்சம் இளகி
வாழைச்சேனைக்காரர் லொறியில் வந்திறங்கிய இறுதிப்போட்டி.
கடைசி நிமிடத்தில் ஒரு கோர்னர்.
இவர் புல்பெக். வெளியே அடிக்கத்தான் காலைத் தூக்கினார்.
முழங்காலில் பட்டு
சொந்த வலைக்குள் போய் உட்கார்ந்தது பந்து,
வளர்த்த பூனை மாதிரி.

அன்றிரவு கூரையில் கல் விழுந்தது. மூன்று.
வேலிக்கு வெளியே ஓடினவனை டோர்ச் வெளிச்சத்தில் கண்டேன்.
உடைந்த ஓட்டால் மழை. சோற்றுப்பானையை வைத்தேன்.
அதற்குப் பிறகு ஒரு வருசம்
இவர் டிப்போவுக்குப் போனது பின் ஒழுங்கையால்,
மரமுந்திரிகளுக்கு இடையால்
சைக்கிளை உருட்டிக்கொண்டு,
மணி அடிக்காமல்.

இப்போது சின்னதுகள் கேட்கும்:
"சேர், எத்தின கோல் அடிச்சீங்க?"
"ஒண்டுதான் மனே."
ஊர் அந்த ஒன்றை வருசா வருசம் பின்னால் தள்ளி
மைதானத்தின் நடுவிலிருந்து அடித்ததாக ஆக்கிவிட்டது.
இவர் திருத்துவதுமில்லை.

நேற்று மிளகாய்க்கு நானே போனேன்.
கல்முனை ரோட்டால் இவர் வருகிறார்.
பக்கத்தில் அழுது முகம் வீங்கின ஒரு பெடியன்,
காலெல்லாம் வாவிச்சேறு.
"இவன்தான் இண்டைக்கு நம்மட கோலுக்குள்ளயே அடிச்சவன்"
என்றாள் மருந்துக்கடைப் பெட்டை.
அவன் வீட்டுக்கு ஒழுங்கையால் போனால் கிட்ட.
இவர் பெரிய ரோட்டால் கூட்டி வந்தார்,
கடை கடையாக நின்று,
அவசரமே இல்லாத மாதிரி.
சேருக்குத் தலையாட்டின எல்லாரும்
அவனுக்கும் ஆட்டவேண்டியிருந்தது.

அழகுதுரை கத்தியைக் கீழே வைத்தான்.
"ஆர் சேர் இந்தப் பெடியன்?"
"என்ட பெக்."

அவனைப் பார்த்தான். பிறகு, எதற்கோ, என்னை.
மீனைச் சுற்றிக் கொடுத்தான்.
இவர் நீட்டின காசை
நேற்று மட்டும் வாங்கினான், எண்ணாமல்.

கறி கொதிக்க எட்டு மணியாகிவிட்டது.
மிளகாய் இல்லை.
இந்த முறை மறந்தது நான்.