விளக்குப் போட்டால் மட்டும்

காரைக் காலி செய்வதுதான் முதல் வேலை.
குடை, கிழிந்த வரைபடம், நாய்ச் சங்கிலி,
மகனின் இருக்கை, அதன் மடிப்பில்
கல்லாகிவிட்ட உலர்திராட்சைகள்,
கதவுப் பையிலிருந்து ஒற்றைக் கையுறை.
நீலத் தார்ப்பாயில் பரப்பி வைத்தேன்.
போலீஸ் கைப்பற்றிய திருட்டுப் பொருள்போல்
கிடந்தது என் ஆறு வருடம்.

வேல்ஸின் மேற்கு ஓரம், ஆங்கிள்சி தீவு.
கடல் பக்கத்திலேயே நின்று உப்பை எறிந்துகொண்டிருந்தது.
வேலிக்கு அப்பால் ஆடுகள் தலை தூக்கவில்லை.
எங்களைவிடப் பெரிய முட்டாள்களை
அவை பார்த்திருக்கும்.

ஒலி அளக்கும் கெத்தின்
புகைக்குழாய்க்குப் பின்னால் கருவியை நீட்டி
"இன்னும் மிதி, இன்னும்" என்றார்.
பிறந்ததிலிருந்து யாரும் என்னைச்
சத்தம் போடச் சொன்னதில்லை.
பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில்
மெதுவாகப் பேசத்தான் எனக்குச் சம்பளம்.
தொண்ணூற்று மூன்று.
தேறிவிட்டது பதினோரு வருட ஃபியஸ்டா.

பிறகு விதிகள்.
இது பந்தயம் இல்லை. யாரும் நேரம் பார்க்கக் கூடாது.
(எல்லோர் பையிலும் நேரம் பார்க்கும் கைபேசி.)
வீட்டுக் காப்பீடு இங்கே செல்லாது.
நேர்ச்சாலையில் மட்டும் முந்தலாம்,
அதுவும் முன்னால் போகிறவர்
விளக்குப் போட்டு வழி விட்டால் மட்டும்.
கேட்டுக்கொண்டே தலையைத் திருப்பினேன்.
மூன்றாவது வரிசையில் எம்லின்.
என் அண்ணன்.

அப்பாவின் படகுக் கொட்டகையை விற்ற பணத்தில்
கணக்கு இடித்து நாலு வருடம்.
வக்கீல் கடிதங்களில் அவன் பெயருக்கு முன்னால்
ஒரு "திரு" இருந்தது.
இப்போது சிவப்புத் தலைக்கவசத்தை மடியில் வைத்துச்
சமர்த்தாக உட்கார்ந்திருந்தான்.

முதல் சுற்றில் வயிற்றில் புளி கரைத்தது.
இரண்டாவதில் வளைவுதான் என்னைத் திருப்பியது.
மூன்றாவதில், மேட்டின் உச்சியில்,
சாலை தீர்ந்துபோய்க் கண்ணாடி முழுக்கக் கடல்.
பிரேக்கை மறந்த அந்த ஒரு நொடி
நான் யாருக்கும் அம்மா இல்லை,
யாருக்கும் பாக்கி இல்லை.

ஐந்தாவதில் பின்கண்ணாடியில் ஒரு சாம்பல் கார்.
அதற்குள் சிவப்புப் பொட்டு.
அவனிடம் குதிரைத்திறன் அதிகம்.
என்னிடம் சாலை இருந்தது.
நான் விளக்குப் போடாதவரை
பங்காளியே ஆனாலும் பின்னால்தான்.

ஒரு நேர்ச்சாலை கொடுக்கவில்லை.
இன்னொன்றும்.

அவன் ஒட்டவில்லை, ஒளியடிக்கவில்லை.
பள்ளிக்கு நேரமான காலைகளில்
நான் பூட்டிக்கொண்ட குளியலறைக்கு வெளியே நிற்பானே,
அப்படி,
ஒரு கார் தூரத்தில், சும்மா.

மூன்றாவது நேர்ச்சாலையில் என் விரல்
என்னைக் கேட்காமல் நெம்பைத் தட்டியது.
டிக். டிக். டிக்.
கடந்தான். கடக்கும்போது ஒரு கை உயர்ந்தது.
நன்றியா, கண்ணாடியைச் சரிசெய்தானா,
அந்த வேகத்தில் தெரியாது.

மதியம் ஒரு பேக்கரிக்காரர் கற்படுகையில் இறங்கினார்.
சிவப்புக் கொடி.
அவரை இழுத்து வரும்வரை எல்லோருக்கும் தேநீர்,
எல்லோரும் சக்கர நட்டுகளை இறுக்கினோம்.
என் சாவி யார் யார் கையிலோ சுற்றிவிட்டுச்
சாயங்காலம் தார்ப்பாயில் கிடந்தது,
கிரீஸ் இல்லாமல், துடைத்து.
சாம்பல் கார் நின்ற இடத்தில்
ஒரு துளி எண்ணெய்.
நான் எதையும் முடிவு செய்யவில்லை.

மகனின் இருக்கையை மாட்டினேன்.
பட்டை முறுக்கிக்கொண்டது, மறுபடி மாட்டினேன்.
பிரேக்கில் கருகிய முடி வாசனை.

ஊர் எல்லைப் பலகையில் இருபது மைல்.
முன்னால் ஒரு பால் லாரி,
பின்னால் பதினெட்டில் நான்,
காப்பீடு திரும்பக் கிடைத்தவள்.
தேவாலயத்தைத் தாண்டியதும்
லாரி ஓரம் ஒதுங்கி விளக்குப் போட்டது.
வழி விடுகிறதா,
திரும்பத்தான் போகிறதா?

பின்னாலேயே போனேன்.