சுவரில்

அப்போதெல்லாம் அரசு படத்தை வாங்கிக்கொண்டு
வாடகைக்கும் எரிவாயுவுக்கும் காசு தந்தது.
ஓர் ஆளுக்கு மூன்று மாதத்தில் நான்கு படம்.
நன்றாயிருக்கிறதா என்று பார்க்க ஒரு குழு;
வெள்ளிக்கிழமை மாலைகளில் அது
அவ்வளவாகப் பார்க்கவில்லை.

வாங்கியதைக் காப்பது என் வேலை.
க்ரோனிங்கனுக்கு வெளியே, முன்பு
சர்க்கரை மூட்டை அடுக்கிய கட்டடம்.
ஈரப்பதம் ஐம்பது, வெப்பம் பதினெட்டு.
பசு மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு,
நீலப் பசுக்களைச் சேர்க்காமல்.

புது அமைச்சருக்கு இடம் வேண்டுமாம்.
வரைந்தவரே வந்து எடுத்துப் போகலாம், இலவசம் என்று
ஆயிரத்து நூறு கடிதங்களில்
நானேதான் முத்திரை குத்தினேன்.

ஃபொக்கெலீன் டைக்கெமா வந்தார்,
எழுபத்தொன்பது வயது,
மகனுடைய மீன் வண்டியில்.
முப்பத்தாறு படம். எல்லாம் ஒரே கால்வாய், ஒரே மதகு.
ஒவ்வொன்றாய் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
"இது என் பல் வைத்தியர்.
இது யெல்மருக்குக் குளிர்கால பூட்ஸ்.
இது ஒன்றுமில்லை, புதன்கிழமை கடைசி நாள்."
ஒன்றின் முன் மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டு நின்றார்.
"இதை நானா வரைந்தேன்?"
பின்னால் கையெழுத்து இருக்கிறதே என்றேன்.
"கையெழுத்து என்னுடையதுதான்."

பட்டியலில் முப்பத்தேழு.
கோப்பைப் புரட்டினேன்:
எண்பத்தொன்றில், டெல்ஃப்ஸைல் வரி அலுவலகத்துக்கு இரவல்.
அழைத்தேன். கவுன்ட்டர் பெண் எடுத்தாள்.
"இங்கேதான் மாட்டியிருக்கிறது.
வரிசையில் நிற்பவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது பார்க்க?
தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று
போன வருஷம் இரண்டு பேர் கைகலப்புவரை போனார்கள்.
கழற்றினால் சுவரில் வெள்ளையாய்க் கட்டம் தெரியும்.
தர முடியாது" என்று வைத்துவிட்டாள்.

சொன்னேன். டைக்கெமா சிரிக்கவில்லை.
"எந்தப் பக்கம் ஓடுகிறதாம்?"
கேட்கவில்லையே.
"கேளுங்கள்."

மறுபடி அழைத்தேன். சாப்பாட்டு நேரம்,
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
வாசலில் மகன் ஹாரன் அடித்தான்.
படங்கள் ஏறின, ஹெர்ரிங் பெட்டிகளுக்கு நடுவில்,
ஈரப்பதம் யாருக்குத் தெரியும்.

படிவத்தில் இரண்டே கட்டம்:
பெற்றுக்கொண்டார், மறுத்தார்.
முப்பத்தேழுக்கு நேரே
பென்சிலால் எழுதினேன், "சுவரில்".
அவர் குனிந்து படித்துவிட்டு
என் பேனாவை வாங்கி
அதன்மேலேயே மசியில் எழுதினார்.