பகுதி ஐந்து, உபபிரிவு ஈ

பதினொரு மாதமாய் என் லாச்சியில் கிடந்தது
பதவியுயர்வுப் படிவம்.
இருபத்தேழு பக்கம்.
புள்ளி போடும் முறை தெரிந்தவர்கள்
பின்னேரங்களில் பட்மின்டன் ஆடினார்கள்.
ஆட்டம் முடிந்து வியர்வை துடைத்தபடி
ஒருவர் படிவத்தை மற்றவர் திருத்திக் கொடுத்தார்கள்.

எனக்கு அந்த நேரம் விடுதியில் கணக்கெடுப்பு.
தண்ணீர்ப் பவுசர் வந்ததா,
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் யார் திரும்பவில்லை,
யாருக்குக் காய்ச்சல்,
யாருடைய கட்டிலுக்கடியில் பாம்பு.

"பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பொம்பிளைதானே வேணும், மிஸ்."
பீடத்தில் அப்போது பெண்கள் நாலு பேர்.
ஒருவர் நிறைமாதம்.
ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோகிறவர்.
ஒருவரின் தகப்பன் யாரென்று தெரிந்ததால்
அவரிடம் கேட்கப் பயம்.
மிச்சம் நான்.
மலையாளபுரம். சைக்கிள் தூரம்.

எழுபத்தேழில் பூண்டுலோயாவிலிருந்து தப்பி வந்து
இங்கே காடு வெட்டிய கூலியின் கடைசி மகள்.
முதல் நாளே ஒரு பேராசிரியர் அன்பாய்க் கேட்டார்:
"சொந்த இடம் எது பிள்ளை?"
"கிளிநொச்சி, சேர்."
"அது சரி. சொந்த இடம்?"
அந்த இரண்டாவது கேள்வியில்
எத்தனை கதவுகள் சாத்தப்படும் என்று
கேட்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

யோகலெட்சுமி என்ற என் பெயரை
லிகிதர் யோகலட்சுமி என்று திருத்தினார்.
திருத்திய பெயருக்கு
இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை.

நான் படித்தது மண்.
இரணைமடு வாய்க்கால் பாயும் வயல்களில்
ஒரு மீற்றர் குழி வெட்டி, உள்ளே குந்தியிருந்து
அடுக்கடுக்காய் வாசிப்பேன்.
மேலே கறுப்பு, பிறகு கபிலம், பிறகு சிவப்பு.
ஒரு குழியில்
நாற்பதாவது சென்ரிமீற்றரில்
ஒரு பிள்ளையின் செருப்பு வார்.
நிறம், இழையமைப்பு, ஈரப்பதன் எல்லாம் பதிந்தேன்.
அதற்கு மட்டும் அட்டவணையில் நிரல் இல்லை.

ஒரு புதன்கிழமை
மண்சல்லடைகளைத் தள்ளிவைத்துவிட்டு
குமுதாசினி தன் படிவத்தை மேசையில் விரித்தாள்.
"இந்தா. என்ர புள்ளியள். வடிவாப் பாருங்கோ."
வடமராட்சிக்காரி, போன வருடமே பதவி கிடைத்தவள்,
காட்டவேண்டிய தேவை இல்லாதவள்.
வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்த ஸுமையா
பகுதி ஐந்தைச் சத்தமாய் வாசித்தாள்.
உபபிரிவு ஈ.
விடுதிப் பொறுப்பு: வருடத்துக்கு ஒரு புள்ளி,
ஐந்துக்கு மேற்படாமல்.

ஆறு வருடம் பொறுப்பிலிருந்தேன்.
எனக்குக் குறைந்தது நாலு புள்ளி.

முதலில் சிரித்தோம், வயிறு நோக.
பிறகு நான் இரண்டு மில்லிமீற்றர்ச் சல்லடையை எடுத்துச்
சுவரில் எறிந்தேன்.
பீடத்தின் சொத்து. நெளிந்துவிட்டது.
அதற்கும் ஒரு படிவம் உண்டு, நிரப்பினேன்.

நேர்முகத்தில் கேட்டார்கள்:
"விடுதி பார்க்கிறது ஒரு கல்விசார் வேலையோ?"
"எனக்குத் தெரியாது, சேர்.
உங்கட படிவத்தில இருக்கு."
ஒருவர் பக்கம் புரட்டினார்.
ஒருவர் கண்ணாடியைத் தேடினார்.
மூன்றாமவர், நல்ல மனிதர், விடைபெறும்போது
என் சொந்த இடத்தைக் கேட்டார்.

முடிவு இன்னும் வரவில்லை.
புதன்கிழமை மேசையில் இப்போது ஏழு படிவம்.
எட்டு வருடமாய்த் தற்காலிகப் போதனாசிரியராகவே இருக்கும்
ரொசிற்றாவுடையதும் ஒன்று.
அதில் எங்கள் நாலு பேரின் கையெழுத்தும்
நாலு நிறப் பேனைகளில்.

போன கிழமை சேர்ந்த பிள்ளைக்கு
விடுதிக் கடிதம் வந்துவிட்டது.
எத்தனை வருடம், எத்தனை புள்ளி, எப்போது முடியும்,
எழுத்தில் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறாள்.
கேட்டது பிழையாம். பீடம் முழுக்கக் கதை.

இன்றிரவும் பவுசர் வரவில்லை.
தொலைபேசி பழக்கத்தில்
என்னையே தேடி அடிக்கிறது.
நான் இப்போது பொறுப்பாளர் இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
எடுக்கிறேன்.